காந்த ரயில் மிதக்காமல் சுவரில் ஒட்டிக்கொள்கிறது: நாளை கண்காட்சி, உதவுங்கள்

அவசர அப்பா: மகளின் அறிவியல் கண்காட்சிக்குக் காந்த ரயில் செய்கிறோம். தடத்திலும் பெட்டிக்கு அடியிலும் காந்தம் ஒட்டியாயிற்று. ஒத்த துருவங்கள்தான் எதிரெதிரே இருக்கின்றன. பெட்டியை வைத்தால் கண்ணிமைப்பதற்குள் பக்கச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. காலை ஒன்பது மணிக்குக் கண்காட்சி. எங்கே தவறு?

சால்டர் புகை: என்ன காந்தம்? பெட்டி எத்தனை கிராம்? படம் இல்லையா?

பழைய வாத்தியார்: மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார், பழைய இழைகளைப் புரட்ட யாருக்கும் பொறுமையில்லை. எர்ன்ஷா தேற்றம், 1842. நிலைக்காந்தங்களை மட்டும் வைத்து ஒரு பொருளை அசையாமல் மிதக்கவிட முடியாது. மேலே தூக்கினால் பக்கவாட்டில் சரியும். பக்கத்தில் தாங்கல் வேண்டும்.

பசைத் துப்பாக்கி: சூடான பசையால் ஒட்டினீர்களா? சாதாரண ரக நியோடிமியக் காந்தம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வலுவிழக்கும். நிச்சயம் அதுதான்.

சால்டர் புகை: வலுவிழந்த காந்தமா சுவரில் பாய்ந்து ஒட்டுகிறது?

அவசர அப்பா: கறுப்பு ஃபெரைட், இருபக்க டேப். பெட்டி 60 கிராம். வாத்தியார் ஐயா, தாங்கல் இருக்கிறது. அதில்தான் ஒட்டுகிறது.

ரயில் பித்தன்: ஷாங்காய் ரயில் 431 கி.மீ. வேகத்தை எட்டியதே, அங்கே எர்ன்ஷா விடுப்பில் போய்விட்டாரா?

பழைய வாத்தியார்: அது விலக்கு விசையே அன்று. பெட்டியின் மின்காந்தங்கள் தடத்தின் அடிப்பக்கத்தைக் கீழிருந்து ஈர்க்கின்றன. சுமார் 10 மி.மீ. இடைவெளியை உணரிகள் இடைவிடாமல் அளக்க, மின்னோட்டம் கூடிக் குறைகிறது. ஃபெரைட் துண்டுக்கு அந்த அறிவு ஏது?

ரயில் பித்தன்: அப்படியானால் ஜப்பான்? 2015-இல் 603 கி.மீ.!

பழைய வாத்தியார்: மீக்கடத்திக் காந்தம் (கடுங்குளிரில் மின்தடையே இல்லாத கம்பிச் சுருள்), தடத்துச் சுருள்களில் தூண்டப்படும் மின்னோட்டம். நிற்கும்போது அதுவும் மிதக்காது; சக்கரத்தில் ஓடி வேகம் பிடித்த பிறகே எழும்பும். அரைகுறையாகப் படித்துவிட்டு வாதாட வேண்டாம்.

சால்டர் புகை: இருவரும் ஜப்பான் போய்த் திரும்புங்கள். அப்பா, அந்தச் சுவரை எதில் செய்தீர்கள்?

அவசர அப்பா: தகரம். பிஸ்கட் டப்பாவை வெட்டினோம். பளபளப்பாக இருக்குமே என்றுதான்.

சால்டர் புகை: டப்பாத் தகரம் உள்ளே இரும்பு! காந்தம் வேறு என்ன செய்யும்? பிய்த்துவிட்டு இரண்டு பிளாஸ்டிக் அளவுகோல்களை நிறுத்துங்கள். இருபுறமும் ஒரு மி.மீ. இடம் விடுங்கள். தடக் காந்தங்களை நெருக்கி ஒட்டுங்கள், இடைவெளி இருந்தால் பெட்டி குழியில் விழுந்ததுபோல் நின்றுவிடும். நெருக்கினால் ஒன்றையொன்று தள்ளும், டேப் தாங்காது. விரைவுப் பசை போடுங்கள்.

பசைத் துப்பாக்கி: ஃபெரைட் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

பழைய வாத்தியார்: பக்கத் தாங்கல் என்று முதலில் சொன்னது நான்.

அவசர அப்பா (இரவு 12:40): மிதக்கிறது. வளைவில் மட்டும் இடிக்கிறது. மகள் தூங்கிவிட்டாள்.