ஒரே ஒரு ஷார்ப்: ஜி மேஜரா, ஈ மைனரா?

வணக்கம். நாற்பது வயதுக்கு மேல் கீபோர்டு கற்றுக்கொள்ள உட்கார்ந்திருக்கிறேன், சிரிக்காமல் உதவுங்கள். சின்ன வயதில் கொஞ்சம் வாய்ப்பாட்டு படித்ததால், மேஜர் ஸ்கேல் என்பது நம் சங்கராபரண ராகம்தான் என்று பிடிபட்டுவிட்டது. ஜி-யை ஸட்ஜமாக வைத்தால் நிஷாதம் எஃப் ஷார்ப்பில் (எஃப்-ஐ அரை ஸ்வரம் உயர்த்தியது) விழுகிறது, அதனால்தான் இசைக்குறிப்பில் வரியின் தொடக்கத்தில் அந்த ஒரு ஷார்ப் குறி. சரி, இதுவரை புரிகிறது.

சிக்கல் அப்புறம்தான். ஈ மைனருக்கும் அதே ஒரு ஷார்ப்தான் போடுகிறார்கள். தொடக்கத்தில் போடும் அந்தக் குறியை, அதாவது கீ சிக்னேச்சரைப் பார்த்ததும் இரண்டில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடைசி ஸ்வரத்தைப் பார்த்தால் போதுமா?

இப்போது பழகும் பாடம் ஈ-யில் முடிகிறது. ஆனால் நடுவில் மூன்று இடங்களில் டி-க்கு முன்னால் தனியாக ஒரு ஷார்ப் வருகிறது. நடபைரவி ராகம் மாதிரி போய்க்கொண்டிருந்தது அங்கே நிஷாதம் உயர்ந்து சட்டென்று கீரவாணி ராகம் ஆகிவிடுகிறது! காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. இத்தனை முறை வருகிற டி ஷார்ப்பை ஏன் தொடக்கத்திலேயே சேர்த்து எழுதவில்லை?

வாத்தியாரிடம் கேட்டால் "மனப்பாடம் பண்ணிக்கோங்க சார்" என்கிறார். காரணம் தெரியாமல் எனக்கு எதுவும் மண்டையில் ஏறாது. தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்களேன். பிளாட் (ஸ்வரத்தை அரை ஸ்வரம் இறக்கும் குறி) சமாச்சாரத்தை இன்னொரு நாள் கேட்கிறேன்.