பார்ஸர் ஜெனரேட்டரில் மரம் கட்டியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். சம்பள விதிகளைக் கணக்குப் பிரிவில் இருப்பவர்களே எழுதிக்கொள்ள ஒரு சின்ன மொழி வேண்டியிருந்தது. மொழியின் இலக்கணத்தைக் கொடுத்தால், அந்த மொழியில் எழுதியதைப் படித்து மரமாகப் பிரிக்கும் நிரலை (பார்ஸரை) எழுதித் தரும் கருவிதான் பார்ஸர் ஜெனரேட்டர். அதில் ஒன்றான ஆன்ட்லர் 4 எடுத்தோம்.

இலக்கணம் சீக்கிரம் முடிந்தது. ஒரு விதி தன் இடப்பக்கத்தில் தன்னையே அழைத்தாலும் ஆன்ட்லர் 4 ஏற்றுக்கொள்ளும். பெருக்கலை முதலிலும் கூட்டலை அடுத்தும் எழுதினால் அந்த வரிசையே முன்னுரிமை. இரண்டு விதிகள் இடப்பக்கத்தில் ஒன்றையொன்று சுற்றி அழைத்தால்தான் மறுக்கும்.

நேரம் பிடித்தது மரத்தில். ஆன்ட்லர் தானாகத் தரும் பார்ஸ் ட்ரீயில் (இலக்கணப்படி அப்படியே பிரித்த மரம்) அடைப்புக்குறி, அரைப்புள்ளி எல்லாமே கணுவாக (நோட்) உட்கார்ந்திருக்கும். மூன்றாம் பதிப்பில் இலக்கணத்துக்குள்ளேயே மரத்தைச் சுருக்க வழி இருந்தது; நான்கில் எடுத்துவிட்டார்கள். அதனால் ஒவ்வொரு மாற்று வடிவத்துக்கும் லேபிள் கொடுத்து, விசிட்டர் (மரத்தின் கணுக்களுக்கு ஒவ்வொன்றாகப் போய்வரும் நிரல்) எழுதி எங்கள் கணுக்களைக் கட்டினோம். அடைப்புக்குறிக்குக் கணுவே வேண்டாம், உள்ளே இருப்பதை அப்படியே திருப்பி அனுப்பினால் போதும். ஆனால் வரி எண்ணை ஒவ்வொரு கணுவிலும் கட்டாயம் வையுங்கள். கணக்குப் பிரிவு அக்கா “எந்த வரியில தப்பு தம்பி?” என்று கேட்டால் மரம்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

புதியவர்கள் முதலில் 10 - 4 - 3 கொடுத்துப் பாருங்கள். 3 வந்தால் சரி. 9 வந்தால் மரம் வலப்பக்கம் வளர்ந்திருக்கிறது. அடுக்குக்கு மட்டும் அப்படித்தான் வளர வேண்டும்: 2-இன் அடுக்கு 3, அதன் அடுக்கு 2 என்றால் 512, இடமிருந்து போனால் 64 ஆகிவிடும்.

*

நான் பைசன் ஆள், அதுவும் ஒரு பார்ஸர் ஜெனரேட்டர்தான். இங்கே மரம் தானாக வராது அண்ணா. விதி முடியும் இடத்தில் எந்தக் கணு என்று நாமே சி-யில் எழுத வேண்டும். எனக்கு அதுதான் பிடிக்கும், வேண்டாத கணு ஒன்றுகூடச் சேராது.

இஃப்-க்குள் இஃப் வந்து, கடைசியில் ஒரே ஒரு எல்ஸ் இருந்தால் மேலே படிப்பதா (ஷிஃப்ட்), படித்ததை ஒரு விதியாக முடிப்பதா (ரெடியூஸ்) என்று தெரியாமல் ஷிஃப்ட்-ரெடியூஸ் மோதல் என்று எச்சரிக்கும். எச்சரித்துவிட்டு ஷிஃப்டையே எடுக்கும், எல்ஸ் பக்கத்து இஃப்-உடன் ஒட்டிக்கொள்ளும். பைசனின் முன்னோடியான 1975 யாக் காலத்திலிருந்தே இதுதான் வழக்கம். மோதல் எங்கே என்று புரியாதவர்கள் 3.7 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் எதிர் உதாரணம் காட்டச் சொல்லுங்கள். ஒரே வாக்கியத்துக்கு இரண்டு மரத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டும். முன்பெல்லாம் நிலை அட்டவணையை வரி வரியாகப் படித்த எங்களுக்கு இது பெரிய விடுதலை.

*

மாறிப் பெயர் தமிழில் இருக்கப் போகிறதா? அப்படியென்றால் மரத்துக்கு முன்பே லெக்ஸரை, அதாவது உரையைச் சொற்களாக (டோக்கன்களாக) வெட்டும் பகுதியைப் பாருங்கள். யூனிகோடின் ‘எழுத்து’ வகையை மட்டும் அனுமதித்து ஆன்ட்லரில் ‘அடிப்படை’ என்று கொடுத்தால் அட, ப, பட என்று மூன்று டோக்கன் வரும். யூனிகோடில் கொம்பும் புள்ளியும் எழுத்து அல்ல, ‘குறி’ வகை. அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிழைச் செய்தி போட்டுத் தள்ளிவிடும். முதல் இடத்துக்கு எழுத்து, அடுத்த இடங்களுக்கு எழுத்தும் குறியும் என்று விதியை எழுதினால் முழுச் சொல்லாக வரும்.

இன்னொன்று: ‘கொ’-வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் சிம்பல் டேபிளில் (மாறிகளின் பட்டியலில்) இரண்டு மாறி. உள்ளீட்டை யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (இரண்டையும் ஒரே குறியீடாகச் சேர்ப்பது) மாற்றிய பிறகே லெக்ஸரிடம் கொடுங்கள்.