புள்ளிக்கு நகராது தம்பி

என்னிடம் 11 தட்டச்சு இயந்திரங்கள் இருக்கின்றன. அவற்றில் தமிழ் இரண்டே இரண்டு. ஆங்கில ரெமிங்டன், 1955-இல் தயாரிப்பைத் தொடங்கிய கோத்ரெஜ் எல்லாம் கொஞ்சம் அலைந்தால் அகப்பட்டுவிடும். தமிழ் மெஷின்களை அலுவலகங்களிலும் பயிலகங்களிலும் தேயத் தேய அடித்துவிட்டு, கடைசியில் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். என் முதல் தமிழ் மெஷினையும் எடைக்குத்தான் வாங்கினேன்.

கிருஷ்ணகிரியில் ஒரு பழைய இரும்புக் கடை. மாம்பழப் பருவம், வெளியே லாரிகள் வரிசையாக நின்றன. துருப்பிடித்த மோட்டார்களுக்கு அடியில் ஒரு ஹால்டா கிடந்தது. சென்னையில் செய்த மெஷின். விசைகளைத் துடைத்துப் பார்த்தால் தமிழ்! கடைக்காரர் தராசில் ஏற்றினார்: 16 கிலோ. எதற்கும் பேரம் பேசுகிற நான் அன்று வாயே திறக்கவில்லை.

தருமபுரி பஸ்ஸில் சாக்கோடு மடியில் வைத்துக்கொண்டேன். நடத்துநர் லக்கேஜ் டிக்கெட் போட்டார், நியாயம்தான். பக்கத்து இருக்கையில் அறுபது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஓர் அம்மா. சாக்கு விலகியதும் விரல்களை விசைமேல் வைத்து, "யளனகபக" என்று முணுமுணுத்தார். பயிலகத்தில் முதல் பாடம் அதுதானே. பிறகு ஒரு விசையைத் தட்டினார். மெஷினின் மேலே தாளோடு நகர வேண்டிய வண்டி அசையவில்லை.

"கெட்டுப்போயிருக்கிறது அம்மா" என்றேன்.

"இது புள்ளி. புள்ளிக்கு நகராது தம்பி. அதற்குப் பிறகு எழுத்தை அடித்தால்தான் நகரும்" என்று சொல்லி, 'ம' அடித்தார். அதற்கும் அசையவில்லை. "ஆமாம், கெட்டுத்தான் போயிருக்கிறது" என்று சிரித்தார்.

வெட்கமாகிவிட்டது. தமிழ்த் தட்டச்சை உருவாக்கிய யாழ்ப்பாணத்து ஆர். முத்தையாவின் 'நகரா விசை' பற்றிப் படித்திருக்கிறேன். படித்து என்ன பயன்? அந்த அம்மா காரிமங்கலத்தில் இறங்கிப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

வீட்டில் கவிழ்த்துப் பார்த்தேன். வண்டியை இடப்பக்கம் இழுக்கும் கயிறு அறுந்திருந்தது. "மெஷின் செத்துவிட்டது" என்று ஒதுக்கப்படுபவற்றில் பலவற்றுக்கு நோய் இவ்வளவுதான். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் மீன் பிடிப்பவரிடம் தூண்டில் நரம்பு வாங்கிக் கட்டினேன். கட்டுவதற்கு முன், கயிற்றை இழுக்கும் சுருள் வில்லை (ஸ்பிரிங்கை) நாலைந்து சுற்று முறுக்க வேண்டும். ஒரு முறை கை நழுவி, அது விர்ரென்று திரும்பியதில் கட்டைவிரல் கிழிந்தது. எழுத்துக் கம்பிகளைச் சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கியும் போதும். அங்கே எண்ணெய் மட்டும் விடாதீர்கள், தூசி ஒட்டிக் களிம்பாகிவிடும். உருளை ரப்பர் கல்லாகியிருந்ததால் இரண்டு தாள் சேர்த்துச் செருகினேன்.

முதல் சொல்லாக 'அம்மா' என்று அடித்தேன். கணினிப் பழக்கத்தில் 'ம' அடித்துவிட்டுப் புள்ளி வைத்தேன். அது அடுத்த 'மா'வின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது.