ஆகாய கங்கைக்கு அப்பாவைக் கூட்டிட்டுப் போகலாமா? ஒருநாள் அருவி நடை: போயிட்டு வந்தவங்க சொல்லுங்க

கரூர்க்காரி:

வணக்கமுங்க. அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட ஒரு அருவிக்குப் போகணும். காலைல கிளம்பி ராத்திரி வீட்டுக்கு வந்துடணும், தம்பிக்கு மறுநாள் ஷிப்ட். மனசுல இருக்கறது கொல்லிமலை ஆகாய கங்கை. யோசனையெல்லாம் அப்பாவை நினைச்சுத்தான். வயசு 66. முப்பது வருசத்துக்கு மேல பஸ்ஸுல கண்டக்டரா நின்னுக்கிட்டே வேலை பார்த்தவர், முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு. "படிதானே, அதுவும் இறங்கறதுதானே, என்ன பெரிய இது"ன்னு அவர்தான் எங்களுக்கு முன்னாடி பையை எடுத்து வெச்சிருக்கார். வீடியோல எல்லாம் அருவியைக் காட்டறாங்க, படியைக் காட்ட மாட்டேங்கறாங்க. நேர்ல போனவங்க உள்ளதைச் சொல்லுங்க. அது வேண்டாம்னா வேற எங்க போகலாம்?

படியேறி:

நாமக்கல்தான் எனக்கு. ஆறேழு தடவை இறங்கியிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

அப்பா சொன்ன "இறங்கறதுதானே"ங்கறதுலதான் எல்லாரும் மாட்டறாங்க. மலையேற்றம்னு பேர் வெச்சிருக்கோமே ஒழிய, நம்ம பக்கத்து அருவி பாதிக்கு மேல மலை இறக்கம். ரோடு மேல போகும், அருவி பள்ளத்துல இருக்கும். ஏற்காடு கிளியூரும் அப்படித்தான், இதுவும் அப்படித்தான். காலைல தெம்பா இருக்கறப்ப சிரிச்சுக்கிட்டே இறங்கிடுவோம். குளிச்சு, பசிச்சு, துணி ஈரத்தோட கனத்து, வெயிலும் ஏறினப்புறம்தான் உண்மையான நடை ஆரம்பிக்கும். அப்ப திரும்பி வர வேற வழி கிடையாது.

படி அறப்பளீசுவரர் கோயில் பக்கத்துல ஆரம்பிக்குது. எத்தனைன்னு கேட்டா ஆளுக்கு ஒரு கணக்கு சொல்வாங்க, ஆயிரத்துக்கு மேலங்கறதுல மட்டும் சண்டை இல்ல. ஒரு படிக்கு அரை அடின்னு வெச்சாலும் 500 அடி, அதாவது 50 மாடிக் கட்டடம். படி ஒரே அளவும் இல்ல. ஒரு இடத்துல கால் தானா விழும், அடுத்த திருப்பத்துல முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைக்கணும்.

ஆனா கீழ போய் நின்னா... ஐயாறுங்கற ஆறுதான் சுமார் 300 அடி உயரத்துலருந்து அருவியா விழுது. மழை முடிஞ்ச கையோட போனா அருவியை அண்ணாந்து பார்க்கவே முடியாது, சாரல் கண்ணுல அறையும். பக்கத்துல நிக்கறவங்க கத்தறது வாயசைப்பாத்தான் தெரியும். பாறைப் பள்ளத்துக்குள்ள காத்து சுத்தி வர்றதால குளிக்காம ஓரமா நின்னாலும் நனைஞ்சுதான் திரும்புவீங்க.

கடைசியா போனப்ப எங்க மாமா வந்தார். என்னைவிட நல்லா இறங்கினார். ஏறும்போது பாதி வழில உட்கார்ந்தவர், முகம் வெளுத்து, "நான் இங்கயே இருந்துக்கறேன், நீங்க போங்க"ன்னுட்டார். உப்பும் எலுமிச்சையும் போட்ட தண்ணியை மடக்கு மடக்கா குடுத்து, இருபது படிக்கு ஒரு தடவை உட்கார வெச்சுக் கூட்டிட்டு வந்தோம். எனக்கு ஒரு மணி நேரம் ஆகற ஏத்தம், அன்னிக்கு ரெண்டரை மணி நேரம் ஆச்சு. ஏறும்போது மூச்சு உடனே சொல்லிடும், நின்னுக்கலாம். முட்டி அப்படி இல்ல, இறங்கறப்பதான் அதுமேல பாரம் அதிகம், சேதி மறுநாள் காலைல கட்டில்லருந்து எந்திரிக்கறப்பதான் வரும்.

வழி: சேந்தமங்கலம், காரவள்ளி வந்து மேல ஏறினா 70 கொண்டை ஊசி வளைவு. வாந்தி வர்ற ஆளை முன் சீட்டுல உட்கார வைங்க. முள்ளுக்குறிச்சி வழியாவும் ஏறலாம், அதுல வளைவு கம்மி. எந்த வழியா வந்தாலும் 10 மணிக்குள்ள முதல் படில கால் வெச்சுடணும். நான் போனப்பல்லாம் 3 மணிக்கு மேல கீழ விடல, அது சரிதான். மலைக்குள்ள பள்ளத்துல வெளிச்சம் சீக்கிரமே போயிடும்.

தின்பண்டத்தைக் கைல பிடிச்சுட்டு நடக்காதீங்க. குரங்கு கேக்காது, பிடுங்கிடும்.

முட்டிவலி50:

படியேறி சொன்ன கிளியூருக்கு நான் போனேன். ஏப்ரல்ல. ஏரி நிறைஞ்சு வழியற தண்ணிதான் அங்க அருவின்னு எனக்கு யாரும் சொல்லல. கல்லும் முள்ளுமா இறங்கிப் போய்ப் பார்த்தா 300 அடிப் பாறை, நடுவுல ஒரு ஈரக் கோடு. என் மனைவி "நம்ம பாத்ரூம் செவுத்துல இதைவிட ஜாஸ்தி வழியுது"ன்னா. செப்டம்பர்லருந்து டிசம்பருக்குள்ள போங்க. ஏலகிரிப் பக்கத்து ஜலகாம்பாறையும் அதே கதை, மழை பெஞ்சாத்தான் அருவி.

தென்காசிச் சாரல்:

படி, முட்டி எல்லாம் இருக்கட்டும். தண்ணியப் பத்தி ஒண்ணு சொல்லணும்.

சின்ன வயசுல எங்க தாத்தா எங்களைக் குத்தாலத்துல பேரருவிக்கு மேல செண்பகாதேவி வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போவாரு. இப்ப அனுமதி இல்லாம மேல போக முடியாது, யாரும் என் பேச்சைக் கேட்டுக் கிளம்பிராதீங்க. பேரருவில தண்ணி நேரா நம்ம தலைல விழாது தெரியுமா? நடுவுல பொங்குமாங்கடல்னு ஒரு பெரிய குடைவு இருக்கு, அதுல விழுந்து வேகம் செத்துத்தான் கீழ வருது. அதனாலதான் அம்புட்டு உயரத்துலருந்து விழுந்தும் குளிக்க முடியுது. எல்லா அருவியும் அப்படி அமையாது.

ஒரு தடவை நாங்க ஓடைக்கு நடுவுல ஒரு பெரிய பாறைல உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுட்டு இருந்தோம். நல்ல வெயில். தாத்தா மட்டும் சாப்பிடாம தண்ணியவே பாத்துட்டு இருந்தாரு. மொதல்ல காஞ்ச இலை ஒரு கூட்டமா வந்துச்சு, பின்னாலயே சுள்ளி. அதுவரைக்கும் கல்லு தெரிஞ்ச தண்ணி டீ மாதிரி கலங்கிச்சு. "எந்திரிங்கல எல்லாரும்"னு ஒரே அதட்டு. தூக்குச்சட்டியைக்கூட எடுக்க விடல. கரைல ஏறித் திரும்பிப் பாக்கேன், நாங்க உட்கார்ந்திருந்த பாறையக் காணோம். அஞ்சு நிமிசம்கூட இருக்காது. எங்க தலைக்கு மேல ஒரு மேகம் இல்ல, மழை மேல எங்கயோ மலைல பெஞ்சிருக்கு.

2024 மே 17-ல பழைய குத்தாலத்துல திடீர்னு வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருத்தன் போயிட்டானே, அன்னைக்கு எனக்கு அந்தத் தூக்குச்சட்டிதான் ஞாபகம் வந்துச்சு. ஆகாய கங்கை போறவங்க கீழ இருக்கற வானத்தப் பாக்காதீங்க. தண்ணி நிறம் மாறினா, குப்பை வந்தா, சத்தம் கனத்தா, செல்பியப் பாதில விட்டுட்டுப் படிக்கு வந்துருங்க. அங்க விழற தண்ணி அடிவாரத்துல புளியஞ்சோலைக்குத்தான் போகுது, அங்க குளிக்கறவங்களுக்கும் இதேதான்.

அட்டைக்கு விருந்து:

என் பேரே கதையைச் சொல்லும். மேகமலைல ஏலத்தோட்டம் வழியா ஒரு சின்ன அருவிக்கு நடந்தோம். மூணு கிலோமீட்டர்கூட இல்ல. திரும்பி வந்து ஷூவைக் கழட்டினா வெள்ளை சாக்ஸ் சிவப்பா இருக்கு, வலியே தெரியல. பதினாலு எண்ணினேன், அதுக்கு மேல எண்ண மனசு வரல. பிடிச்சு இழுத்துப் பிச்சேன், அதான் தப்பு. தோட்டத்துல வேலை பார்த்துட்டு இருந்த ஒரு அக்கா வந்து, நகத்தைத் தோலோட ஒட்டி வெச்சு வாய்ப்பக்கமா நெம்பி விட்டாங்க. பொத்துன்னு விழுந்துச்சு. அவங்க காலைப் பார்த்தேன், முழங்கால் வரைக்கும் துணி சுத்தி அதுக்குள்ள புகையிலை. ஒரு அட்டை இல்ல.

அது போனப்புறமும் ரத்தம் நிக்காது, பயப்படாதீங்க. ரத்தம் உறையாம இருக்க எச்சில்ல ஒண்ணைச் சேர்த்துத்தான் கடிக்குது. கழுவி, அழுத்திக் கட்டுங்க. ஆகாய கங்கைப் படில எனக்கு அட்டை தொல்லை இருந்ததில்ல, அதனால இந்தப் பதிவு கரூர்க்காரிக்கு எந்த விதத்துலயும் உதவாதுன்னு தெரிஞ்சே எழுதறேன்.

தேயிலைமேடு:

நடக்க முடியாதவரைக் கூட்டிப் போவதென்றால் பார்த்தே நிறைவடையக்கூடிய அருவியைத் தேர்ந்தெடுங்கள். வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் சாலையில் டம்டம் பாறை அருகே வண்டியை நிறுத்தினால் எதிர்மலையில் தலையாறு அருவி வெள்ளை நூலாகத் தொங்கும். எலிவால் அருவி என்பார்கள். 297 மீட்டர், தமிழ்நாட்டில் இதுதான் மிக உயரமானது. ஒரு படிகூட இல்லை. கோத்தகிரிப் பக்கம் கேத்தரின் அருவியையும் குன்னூர் டால்பின் மூக்குக் காட்சிமுனையிலிருந்து இப்படியே பார்க்கலாம். கேத்தரினின் தலைப்பக்கத்துக்குத் தேயிலைக்குள் நடந்து போய்ப் பாறை விளிம்பில் எட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒருமுறை போனேன். பாசி படிந்த பாறையில் ஒரு கால் நழுவி, உட்கார்ந்தபடியே பின்னால் தவழ்ந்து வந்தேன். இனி அந்தப் பக்கம் இல்லை.

இன்னொன்று. படிக்கட்டு, டிக்கெட் உள்ள இடங்களைத் தாண்டிக் காட்டுப் பாதையில் போகிற எண்ணம் இருந்தால் முன் அனுமதி கட்டாயம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்த பிறகுதான் மாநிலத்தில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரிலிருந்து 40 பாதைகளுக்கு வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு போக முடிகிறது. கோடையில் தீ அபாயத்தால் மூடி வைப்பார்கள், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரூர்க்காரி:

போயிட்டு வந்துட்டோமுங்க!

எல்லார் பதிவையும் அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். படியேறி அண்ணனோட மாமா கதைக்கு மட்டும் கொஞ்சம் யோசிச்சார். கோயில்கிட்ட முடவாட்டுக்கால் கிழங்கு சூப் வித்தாங்க, முட்டிக்கு நல்லதுன்னு ரெண்டு டம்ளர் குடிச்சுட்டு "இப்ப இறங்கலாம்"னார். நூறு படி தாண்டி ஒரு திருப்பத்துல, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னவர், கீழயும் பார்த்தார், மேலயும் பார்த்தார். "எனக்கு இதான் ஸ்டாப்பு"ன்னு துண்டை விரிச்சு உட்கார்ந்துட்டார். அங்கருந்து அருவி தெரியாது, சத்தம் மட்டும் கேக்கும்.

நானும் தம்பியும் இறங்கினோம். அண்ணன் சொன்ன மாதிரியேதான், அண்ணாந்து பார்க்க முடியல. தென்காசிக்காரர் புண்ணியத்துல நான் அருவியைவிட ஓடையைத்தான் அதிகமா பார்த்துட்டு இருந்தேன், தண்ணி தெளிவாவே இருந்துச்சு. ஏற எனக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். தம்பி நாலு இடத்துல படுத்தான்.

மேல வந்தா அப்பா அதே திருப்பத்துல நிக்கறார், கைல டிக்கெட்டுக்குப் பின்னாடி பேனாவால கோடு கோடா போட்டிருக்கார். "நான் உட்கார்ந்ததுலருந்து இறங்கினது 212. ஏறினது உங்க ரெண்டு பேரையும் சேர்த்து 189. இன்னும் 23 பேரு கீழ இருக்காங்க." எனக்குச் சிரிப்பு தாங்கல. அவர் சிரிக்கல. மெதுவா ஏறி, மேல நின்னுட்டு இருந்த காவலர்கிட்டப் போய் அந்தச் சீட்டை நீட்டி, "சார், மணி மூணே கால். 23 பேரு பாக்கி"ன்னார். காவலர் எங்கப்பாவை ஒரு பார்வை பார்த்தார், சீட்டைப் பார்த்தார். அப்புறம் விசிலை எடுத்துக்கிட்டுப் படிப்பக்கம் நடந்தார்.