ஈரான்ல பஹாய் மதத்துக்காரங்க மேல அரசாங்கமே வெறுப்ப பரப்புது, இத வெறும் பேச்சுன்னு விட முடியுமா?

ஆற்றங்கரை:
ரெண்டு நாளா இதத்தான் படிச்சிட்டு இருக்கேன். அரசு டிவி, பேப்பர் எல்லாத்துலயும் பஹாய்னா இஸ்ரேல் உளவாளி, வழிகெட்ட கூட்டம்னு வருஷக்கணக்கா ஓட்டுறாங்க. வெறுப்பா பேசுறவன் எல்லா ஊர்லயும் இருக்கான், அரசாங்கம் பேசினா மட்டும் என்ன வித்தியாசம், யாரும் அடிக்கலையேன்னு ஃப்ரெண்ட் கேட்டான். எனக்கு சட்டுன்னு பதில் வரல.

கல்தூண்:
அடிச்சிருக்காங்க நண்பா. 1955 ரம்ஜான் மாசம், ஷான்னு சொல்ற மன்னரோட ஆட்சி, ஃபல்சஃபின்னு ஒரு மதகுருவ அரசு ரேடியோல தினமும் பஹாய்களுக்கு எதிரா பேச விட்டாங்க. அந்த மே மாசமே டெஹ்ரான்ல அவங்க மையத்தோட குவிமாடத்த இடிச்சாங்க, ராணுவ தளபதியே பிக்காசு எடுத்து இறங்கினார். 1979 புரட்சிக்கப்புறம் 200 பேருக்கு மேல கொன்னுட்டாங்க, 1983 ஜூன்ல ஷிராஸ்ல ஒரே ராத்திரி 10 பெண்கள தூக்குல போட்டாங்க, அதுல ஒருத்திக்கு வயசு 17. தெருவுல எவனாவது திட்டினா போலீஸ்கிட்ட போவோம், போலீஸ வெச்சிருக்கவனே திட்டினா எங்க போறது?

செவ்வந்தி:
என்கூட வேல பார்த்த பொண்ணு ஒருத்தி ஈரான்காரிதான், பஹாய். டிவில அவங்க மதத்த திட்டி ப்ரோக்ராம் போட்ட மறுநாள் கிளாஸ்ல டீச்சர் அவள எழுந்து நிக்க சொன்னாங்களாம், எதுக்குன்னு சொல்லல, நிக்க வெச்சிட்டே பாடம் நடத்தி முடிச்சாங்களாம். அப்புறம் யுனிவர்சிட்டி நுழைவுத்தேர்வு எழுதிட்டு ரிசல்ட் பாக்கப் போனா மார்க்குக்கு பதிலா "ஃபைல் முழுமையா இல்ல"ன்னு ஒரு வரி. என்ன பேப்பர் குறையுதுன்னு அவ அப்பா ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சிருக்கார், ஒருத்தரும் சொல்லல, ஏன்னா எதுவுமே குறையல. பஹாய்னு தெரிஞ்சா சேக்கக்கூடாது, படிச்சிட்டு இருந்தா வெளிய அனுப்பணும்னு 1991லயே ரகசிய உத்தரவு இருக்கு, ஐநா வழியா 1993லதான் அது வெளிய வந்துச்சு.

தென்னோலை:
அந்த உளவாளி கதைய மட்டும் கொஞ்சம் பாருங்க. பஹாய் மதத்த தொடங்கின பஹாவுல்லாவ ஓட்டோமான் (துருக்கி) அரசு கைதியா ஆக்கர்ங்கற ஊருக்கு கொண்டு போனது 1868ல, அந்த ஊர் இப்ப இஸ்ரேல்ல இருக்கு. அவர் அடக்கமும் அங்க பக்கத்துலதான், அதனாலதான் அவங்க தலைமையகம் கிட்டக்கவே ஹைஃபா நகரத்துல இருக்கு. இஸ்ரேல்னு ஒரு நாடு வந்ததே 1948ல. பள்ளிக்கூடப் பையனுக்கும் புரியுற கணக்கு, ஆனா இத சொல்ல ஒரு பஹாய்க்கு அங்க எந்த பேப்பர்லயும் ஒரு பத்தி கிடையாது, டிவில ஒரு நிமிஷம் கிடையாது. ஈரான் அரசியலமைப்போட 13வது பிரிவு ஜொராஸ்ட்ரியர், யூதர், கிறிஸ்தவர மட்டும்தான் சிறுபான்மையா ஏத்துக்குது, ஆக சட்டத்துலயும் அவங்களுக்கு பேர் இல்ல. மத வெறுப்ப தூண்டுறத தடை பண்ற ஐநா ஒப்பந்தத்துல ஈரான் 1975லயே சேந்தாச்சுங்கறதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

ஆற்றங்கரை:
1868 விஷயத்த அவன்கிட்ட சொன்னேன், கொஞ்ச நேரம் பேசவே இல்ல. செவ்வந்தி அக்கா, அந்தப் பொண்ணு படிச்சு முடிச்சாங்களா?

செவ்வந்தி:
முடிச்சாப்பா. 1987ல பஹாய்க்காரங்களே தொடங்கின காலேஜ் ஒண்ணு இருக்கு, கிளாஸ் எல்லாம் யாராவது ஒருத்தர் வீட்டு ஹால்ல, செருப்ப வெளிய விட்டா ஆள் கூட்டம் தெரிஞ்சிடும்னு உள்ள எடுத்து வெச்சுப்பாங்களாம். அந்த சர்டிஃபிகேட்ட வெளிநாட்டுல ஒரு யுனிவர்சிட்டி ஏத்துக்கிட்டுச்சு. அவ தம்பி அடுத்து பரீட்சை எழுதினான், அவனுக்கும் அதே வரிதான் வந்துச்சு.