ஜெல்லிஃபின் அப்டேட் செய்ததும் எல்லா அமைப்புகளும் காணோம், உதவுங்கள்

நிலாமுற்றம் (இழையைத் தொடங்கியவர்)
வணக்கம். வீட்டில் படங்கள் பார்க்க வைத்திருக்கும் மீடியா சர்வர் ஜெல்லிஃபினைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். திறந்தால் என்ன மொழி என்று கேட்கிறது, முதல் பயனரை உருவாக்கச் சொல்கிறது. பழைய பயனர்கள், நூலகங்கள், யார் எந்தப் படத்தை எதுவரை பார்த்தார்கள் என்ற கணக்கு, எதுவுமே இல்லை. படக்கோப்புகள் மட்டும் வன்தட்டில் பத்திரமாக இருக்கின்றன. இதற்கு முன் மூன்று முறை அப்டேட் செய்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. அமைப்புகளை மீட்க வழி உண்டா? வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள், கொஞ்சம் அவசரம்.

தடம்பதி
டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஓடுகிறதா, நேரடியாக நிறுவியதா? எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்குப் போனீர்கள்? அப்டேட் செய்யக் கொடுத்த கட்டளைகளை வரிசையாகச் சொல்லுங்கள். அதுவரை அந்த வரவேற்புத் திரையில் புதிதாக எதையும் அமைக்க வேண்டாம்.

கரிசல்மழை
10.11-க்குப் போயிருந்தால் அதுதான் காரணம். அந்தப் பதிப்பில் லைப்ரரி.டிபி என்ற டேட்டாபேஸ் கோப்பில் இருந்ததையெல்லாம் ஜெல்லிஃபின்.டிபி-க்கு மாற்றுகிறார்கள். பெரிய நூலகமாக இருந்தால் இந்த மாற்றம் வெகுநேரம் ஓடும். பாதியில் நிறுத்தினால் வீண். என் நண்பர் ஒருவருக்கும் இப்படித்தான் ஆனது. நிச்சயம் டேட்டாபேஸ்தான்.

வெள்ளோட்டம்
எனக்கு அனுமதிச் சிக்கல் என்று தோன்றுகிறது. கன்டெய்னர் (டாக்கரில் மென்பொருள் ஓடும் அந்தப் பெட்டி) ஓடும் பயனர் எண்ணும் கோப்புறை உரிமையாளரின் எண்ணும் பொருந்தாவிட்டால் கோப்பு இருந்தும் படிக்க முடியாது. பியுஐடி, பிஜிஐடி (பயனர் எண், குழு எண்) என்ன கொடுத்திருக்கிறீர்கள்?

நெடுநாள்வாசி
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் சொல்லியாகிவிட்டது. பேக்கப் இல்லாமல் அப்டேட் செய்யக்கூடாது என்பது முதல் பாடம். அது தெரியாதவர்கள் சொந்த சர்வர் வைத்துக்கொள்ளும் முன் ஆவணத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு வருவது நல்லது. தேடல் பெட்டி மேலேதான் இருக்கிறது.

நிலாமுற்றம்
மன்னிக்கவும், சொல்ல விட்டுப்போனது. டாக்கர்தான், லினக்ஸ்சர்வர் குழு வெளியிடும் இமேஜ் (கன்டெய்னரை உருவாக்கும் மூலத் தொகுப்பு). 10.10.7-இலிருந்து 10.11. பியுஐடி, பிஜிஐடி இரண்டும் 1000, அதை நான் மாற்றவே இல்லை.

கரிசல்மழை
பார்த்தீர்களா, 10.11. நான் சொன்னது சரி.

தடம்பதி
அவசரப்படாதீர்கள் கரிசல். டேட்டாபேஸ் மாற்றம் தோற்றிருந்தால் லாக்கில் (சர்வரின் நிகழ்வுப் பதிவு) பிழை வந்திருக்கும். வரவேற்புத் திரை வராது. அந்தத் திரை முடிந்ததா என்ற குறிப்பு டேட்டாபேஸில் இல்லை, சிஸ்டம்.எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கிறது. ஆக, சர்வருக்கு அந்தக் கோப்பே கண்ணில் படவில்லை. ஒன்று கோப்பு இல்லை, அல்லது வேறு இடத்தைப் பார்க்கிறது. நிலாமுற்றம், கன்டெய்னரின் அமைப்பை எழுதிய கம்போஸ் கோப்பில், வெளிக் கோப்புறைகளை உள்ளே இணைக்கும் வால்யூம் வரிகளை அப்படியே எழுதுங்கள். கட்டளைகளும் இன்னும் வரவில்லை.

சிறுதூறல்
அப்படியானால் சுலபம். சிஸ்டம்.எக்ஸ்எம்எல்லைத் திறந்து வரவேற்பு முடிந்தது என்ற இடத்தில் 'ட்ரூ' என்று போட்டால் திரை போய்விடும்.

வெள்ளோட்டம்
திரை போகும். ஆனால் பயனரே இல்லாத சர்வரில் யாராக உள்ளே நுழைவார்? அதைச் செய்ய வேண்டாம்.

நெடுநாள்வாசி
டாக்கர் இல்லாமல் நேரடியாக நிறுவியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. டெபியன் லினக்ஸ் தொகுப்பில் அமைப்புகள் இடிசி-ஜெல்லிஃபின் கோப்புறை, தரவு வார்-லிப்-ஜெல்லிஃபின் கோப்புறை, எப்போதும் அதே இடம்தான். பல வருடமாக அப்படி ஓட்டுகிறேன், ஒருமுறைகூட எதையும் இழக்கவில்லை.

வெள்ளோட்டம்
நேரடி நிறுவலிலும் மென்பொருளை நீக்கும்போது 'ரிமூவ்' என்பதற்குப் பதில் 'பர்ஜ்' கொடுத்தால் அந்தக் கோப்புறைகளும் சேர்ந்து போகும். அங்கேயும் தெரிந்துதான் செய்ய வேண்டும். டாக்கரில் ஒரு கோப்புறையை வெளியே இணைத்துவிட்டால் இயந்திரத்தையே மாற்றினாலும் தூக்கிக்கொண்டு போய்விடலாம். எனக்கு அது பெரிய நிம்மதி.

நெடுநாள்வாசி
சரியாக இணைத்தால்தானே? இமேஜ் பெயருக்குப் பின்னால் 'லேட்டஸ்ட்' போட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள்தான் இங்கே அதிகம். பதிப்பு எண்ணைக் குறித்து வைத்திருந்தால் பெரிய மாற்றம் தானாக வந்து விழாது.

சிறுதூறல்
எண்ணைக் குறித்து வைத்துவிட்டுப் பாதுகாப்புத் திருத்தங்களை மாதக்கணக்கில் தவறவிடுகிறவர்களும் இருக்கிறார்கள் ஐயா. 'லேட்டஸ்ட்' வைத்திருப்பது குற்றமில்லை.

நெடுநாள்வாசி
குற்றம் என்று சொல்லவில்லை. பொறுப்பின்மை என்கிறேன்.

கரிசல்மழை
இரண்டு பேரும் வேறு இழையில் பேசுங்களேன். கேட்டவர் கேள்வி அப்படியே நிற்கிறது.

நிலாமுற்றம்
வால்யூம் வரிகள் இரண்டு. முதல் வரியில் இடப்பக்கம் என் 'ஜெல்லி' கோப்புறை, வலப்பக்கம் ஸ்லாஷ் டேட்டா. இரண்டாவது வரி படங்கள் இருக்கும் வன்தட்டு, வலப்பக்கம் ஸ்லாஷ் மீடியா. கட்டளை: முன்பெல்லாம் புதிய இமேஜை இறக்க 'டாக்கர் கம்போஸ் புல்', அப்புறம் ஓடவிட 'அப்'. இந்த முறை சுத்தமாகச் செய்யலாம் என்று நடுவில் 'டவுன்' கொடுத்தேன். 'ஜெல்லி' கோப்புறையைத் திறந்து பார்த்தால் காலியாக இருக்கிறது! அழிந்துவிட்டதா?

தடம்பதி
அழியவில்லை, அது எப்போதுமே காலியாகத்தான் இருந்திருக்கும். இந்த இமேஜ் தன் அமைப்புகளை ஸ்லாஷ் கான்ஃபிக்-இல் எழுதுகிறது. நீங்கள் இணைத்தது ஸ்லாஷ் டேட்டா. கான்ஃபிக்கை யாரும் இணைக்காததால் டாக்கர் தானாகப் பெயரில்லாத வால்யூம் (டாக்கரே வைத்துக்கொள்ளும் சேமிப்பிடம்) ஒன்றை உருவாக்கி அதில் போட்டுக்கொண்டது. முதல் நாளிலிருந்தே உங்கள் அமைப்புகள் அங்கேதான் வாழ்ந்தன.

மூன்று முறை தப்பித்ததற்கும் இதுவே விளக்கம். கன்டெய்னர் இருக்கும்போது 'அப்' கொடுத்தால் கம்போஸ் புதிய கன்டெய்னருக்குப் பழையதன் பெயரில்லாத வால்யூமை எடுத்து மாட்டிவிடும். 'டவுன்' கொடுத்தால் கன்டெய்னரே போய்விடுகிறது. எந்த வால்யூம் யாருடையது என்ற தொடர்பு அறுந்து, அடுத்த 'அப்' புதிய காலி வால்யூமை உருவாக்குகிறது. பழையது யாருக்கும் சொந்தமில்லாமல் வட்டில் கிடக்கும். ஒரு கேள்வி முக்கியம்: 'டவுன்' உடன், வால்யூம்களையும் சேர்த்து அழிக்கும் 'மைனஸ் வி' கொடுத்தீர்களா? அதன்பின் பயன்படாதவற்றை அழிக்கும் 'ப்ரூன்' ஏதாவது ஓட்டினீர்களா? இனி ப்ரூன் பக்கமே போகாதீர்கள், அது முதலில் அள்ளுவது இந்த மாதிரி வால்யூம்களைத்தான்.

கொடுக்கவில்லை என்றால்: 'டாக்கர் வால்யூம் எல்எஸ்' கட்டளையில் 'டேங்லிங்' (எந்தக் கன்டெய்னரிலும் இல்லாதவை) வடிகட்டி போட்டுப் பாருங்கள். 64 எழுத்து நீளத்தில் பெயர்கள் வரும். ஒவ்வொன்றும் வார்-லிப்-டாக்கர்-வால்யூம்ஸ் கீழே அதே பெயரில் இருக்கும், உள்ளே '_data' என்ற கோப்புறை. சிஸ்டம்.எக்ஸ்எம்எல் எதில் இருக்கிறதோ அதுதான் உங்களுடையது. டேட்டாபேஸ் இந்த இமேஜில் டேட்டாவுக்குள் இன்னொரு டேட்டாவில் இருக்கும், குழம்ப வேண்டாம்.

கன்டெய்னரை நிறுத்திவிட்டு, உள்ளே இருப்பதை, உரிமை விவரங்களோடு நகலெடுக்கும் 'சிபி மைனஸ் ஏ' கொண்டு 'ஜெல்லி' கோப்புறைக்கு நகலெடுங்கள். நகல்தான், நகர்த்த வேண்டாம். மூலம் உங்கள் பேக்கப். '-wal' என்று முடியும் கோப்பு டிபி-யின் பக்கத்தில் இருந்தால் அதுவும் சேர்ந்து வர வேண்டும், கடைசியாக எழுதியது அதில் இருக்கலாம். அப்புறம் கம்போஸில் வலப்பக்கத்தை ஸ்லாஷ் கான்ஃபிக் என்று மாற்றி 'அப்'. இப்போதுதான் கரிசல் சொன்ன டேட்டாபேஸ் மாற்றம் நிஜமாக ஓடும். நடுவில் நிறுத்தாமல் லாக்கைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

கரிசல்மழை
அருமை. ஆக நான் பாதி சரி. 10.11 மாற்றம் முடிந்தபின் அதே டிபி-யோடு 10.10-க்குத் திரும்ப முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மூல வால்யூமைச் சில வாரம் விட்டுவையுங்கள்.

வெள்ளோட்டம்
நகலெடுத்தபின் உரிமையாளர் 1000 தானா என்றும் பாருங்கள். நான் அனுமதியைச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

நெடுநாள்வாசி
வலப்பக்கம் என்ன எழுத வேண்டும் என்பது அந்த இமேஜின் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது. அதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

சிறுதூறல்
சொன்னீர்கள் ஐயா. எந்தப் பக்கம், எந்த வரி என்று தடம்பதி அண்ணா சொன்னார். நானும் என் கம்போஸைத் திறந்து பார்த்தேன், என்னுடையதில் கான்ஃபிக் சரியாக இருக்கிறது. கேஷ் (தற்காலிகக் கோப்புகள்) மட்டும் வெளியே இணைக்கவில்லை, அது போனால் பரவாயில்லைதானே?

தடம்பதி
கேஷ் போனால் மீண்டும் உருவாகும், பயமில்லை. நிலாமுற்றம், என்ன ஆயிற்று?

வெள்ளோட்டம்
இரண்டு நாளாயிற்று. கிடைத்ததா இல்லையா என்று மட்டுமாவது சொல்லுங்கள், ப்ரூன் ஓட்டிவிட்டாரோ என்று கவலையாக இருக்கிறது.

நிலாமுற்றம்
கிடைத்துவிட்டது. மைனஸ் வி கொடுக்கவில்லை. ஐந்து வால்யூம் வந்தது, நான்காவதில் இருந்தது. பயனர்கள், பார்த்த கணக்கு எல்லாம் திரும்ப வந்தன. தடம்பதிக்கு நன்றி.

சிறுதூறல்
மகிழ்ச்சி! டேட்டாபேஸ் மாற்றம் எவ்வளவு நேரம் ஓடியது? நானும் இந்த வாரம் 10.11-க்குப் போகலாம் என்று இருக்கிறேன்.