மூன்று லட்சம் சி.டி.சி. என்றால் கையில் எவ்வளவு வரும்?

வேலைக்குச் சேரும்போது கம்பெனிகள் சொல்லும் சி.டி.சி. (ஓர் ஊழியருக்காகக் கம்பெனி செலவிடும் மொத்தத் தொகை) வேறு, கையில் வரும் சம்பளம் வேறு. அதில் என் அனுபவத்தைச் சொல்கிறேன். எம்.எஸ்சி. பயோடெக் முடித்ததும் புதுச்சேரியில் ஒரு கம்பெனியின் க்யூ.சி. (தரப் பரிசோதனை) லேபில் சேர்ந்தேன். கடலூரிலிருந்து தினமும் பஸ்தான். ஆண்டுக்கு மூன்று லட்சம் சி.டி.சி. என்றார்கள். அம்மா அதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 25,000 வரும் என்று நம்பிச் சீட்டிலும் சேர்ந்துவிட்டார்.

பிரிவு வாரியான கணக்கை வேலையில் சேர்ந்த பிறகுதான் கொடுத்தார்கள். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 12,000. கம்பெனி பங்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) அதில் 12 சதவீதம், 1,440 ரூபாய், அந்த 25,000க்குள்ளேயே அடக்கம். கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 4.81 சதவீதம், அதாவது 577. தீபாவளி போனஸுக்கு மாதம் 1,000. இவை போக கிராஸ், அதாவது பிடித்தத்துக்கு முந்தைய மாதச் சம்பளம், 21,983. அதில் என் பங்கு பி.எஃப். இன்னொரு 1,440. கேன்டீன் பிடித்தமும் போனால் கைக்கு வந்தது இருபதாயிரம் சொச்சம். பி.எஃப். நம் பணம்தான், சரி. ஆனால் இன்டர்வியூவிலேயே இதைச் சொல்லியிருக்கலாமே? அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

அதைவிட என்னை வருத்தியது என் பக்கத்து மேசை அக்காவின் நிலைமை. இருவரும் ஒரே வேலை பார்த்தோம். இன்குபேட்டரிலிருந்து தட்டுகளை எடுத்து, மார்க்கரால் புள்ளி வைத்துக்கொண்டே அவற்றில் வளர்ந்த கிருமிக் காலனிகளை எண்ணுவோம். நான் கம்பெனி ரோல், அதாவது கம்பெனியின் நேரடி ஊழியர்; அவர் கான்ட்ராக்டர் ரோல், ஒப்பந்ததாரரின் ஆள். கிராஸ் 20,600 என்பதால் அவருக்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) உண்டு, பிடித்தம் 155 ரூபாய்தான். அவர் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை கோரிமேடு ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் கிடைத்தது. மே மாதம் 700 ரூபாய் கூட்டினார்கள். ஈ.எஸ்.ஐ.க்கான சம்பள உச்சவரம்பு 21,000 தாண்டிவிட்டது. செப்டம்பர் வரை பிடித்தார்கள், அக்டோபரில் நின்றது. சலுகை மறு ஆண்டு ஜூன் வரை ஓடியது, அப்புறம் மாத்திரையெல்லாம் வெளியே காசு கொடுத்துத்தான். கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸ் நிரந்தர ஊழியருக்கு மட்டுமாம். ஏறிய 700 மருந்துக் கடைக்கே போதவில்லை.

புதிதாகப் போகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன்பே மூன்று விஷயம் கேளுங்கள்: மாதம் கையில் எவ்வளவு, யார் ரோல், ஈ.எஸ்.ஐ. இல்லாவிட்டால் அப்பா அம்மாவுக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் உண்டா. அடுத்த கம்பெனியில் நான் கேட்டேன். ஹெச்.ஆர். முகம் சுளிக்காமல் ஒரு தாளில் எழுதியே கொடுத்தார்.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் கான்ட்ராக்டிலிருந்து நிரந்தரம் ஆனவர்கள் யாராவது இருந்தால், எத்தனை வருடத்தில் ஆனது என்று எழுதுங்கள். அந்த அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.